மாதாவுக்குப் பின்னால் ஒரு பெட்டி

“கெர்ட்ரூட், உன் பெட்டிய ‘பி’யில வை. ‘ஏ’யில இருந்தா பக்கத்து வீட்டுப் பழனியப்பனுக்கும் கேட்டுரும்லா. அவரும் இதே செட்டுத்தான் வாங்கியிருக்காரு!”

கூடத்திலிருந்து ஆம்புரோஸ் கத்தினார். குசினியிலிருந்து மனைவி பதில் கொடுத்தாள்.

“வச்சாச்சுங்க. இந்தத் திருட்டு வேல நமக்குத் தேவையா?”

“தேவதான். மூணு எடத்துலேர்ந்து பொண்ணு பாக்க வந்தாங்க. தின்னாங்க, சிரிச்சாங்க, வீட்டுக்குப் போயி வேணாம்னு கடுதாசி போட்டாங்க. எதுக்கு வேணாம்னு ஒருத்தராச்சும் சொன்னாங்களா?”

அந்தக் கேள்விதான் அவர் மனசை அரித்துக்கொண்டிருந்தது. மகள் ஆலிஸுக்கு இருபத்தெட்டு வயது. லட்சணமான முகம், டைப்பிஸ்ட் வேலை, ஒரு குறை சொல்ல முடியாது. அதனால்தான் போன வாரம் ஈப்போ டவுனில் ஒரு கடையில் இந்த இண்டர்காமை வாங்கி வந்தார். எண்பத்து மூன்றில் அது பெரிய அதிசயம். இரண்டு பெட்டிகளையும் ‘ஏ’, ‘பி’ என்ற அலைவரிசைகளில் ஏதாவது ஒன்றில் வைத்துப் பிளக்கில் செருகிவிட்டால், கரண்டுக் கம்பி வழியாகவே பேச்சு போய்விடும். பட்டனை அழுத்திப் பூட்டினால் ஓர் அறையின் பேச்சு முழுவதும் இன்னோர் அறையில் கேட்கும்.

கூடத்துப் பெட்டியை மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்து, பட்டனைப் பூட்டி, பிளாஸ்டிக் பூக்களால் மறைத்தார்.

நாலு மணிக்குக் கமுந்திங்கிலிருந்து மாப்பிள்ளை சவரிநாதனும் அவன் அம்மா நவமணியும் வந்தார்கள்.

“தம்பி பேக்டரியில சூப்பர்வைசராமே? என்ன பேக்டரி?”

“நாங்க செய்யுறது வந்து மாமா...”

“சூப்பர்வைசர்னா ஆளுங்கள மேய்க்கத் தெரியணும்! பீடோர் எஸ்டேட்டுல நான் கணக்கெழுதுற கிராணியா இருந்தப்ப, காலையில பேரு கூப்பிடுற பிரட்டுல நின்னு ஒரு சத்தம் போட்டா இருநூறு பேரும் கப்சிப்!”

எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றுப் பத்து வருடமாகிறது. அவர் குரல் மட்டும் இன்னும் பிரட்டுக்களத்திலேயே நின்றது. நவமணி ஆலிஸிடம் சமையலைப் பற்றிக் கேட்டாள். ஆம்புரோஸ் பதில் சொன்னார். வேலையைப் பற்றிக் கேட்டாள். அதற்கும் அவரேதான்.

“சரி, நீங்க கலந்து பேசிக்கிட்டிருங்க. காப்பி எடுத்துட்டு வாரோம்” என்று வழக்கப்படி வீட்டார் மூவரும் குசினிக்கு நகர்ந்தார்கள். ஆம்புரோஸ் திரும்பிப் பார்த்தார். சவரிநாதன் எழுந்து போய் மாதா முன்னால் தலை குனிந்து நின்றிருந்தான். பக்தியான பிள்ளை என்று அவருக்கு மனசு குளிர்ந்தது.

குசினிப் பெட்டியில் குரல் வந்தது. பக்கத்தில் நின்று பேசுவது போல அத்தனை தெளிவு.

“பொண்ண எனக்குப் புடிச்சிருக்கும்மா. அவங்கப்பாவ நெனச்சாத்தான் யோசனையா இருக்கு.”

“மெதுவாடா, கேட்டுறப் போவுது!”

“கேக்காதும்மா. நல்ல மனுசன்தான். ஆனா வந்தவங்கள வரிசையில நிக்கவச்சுப் பேரு கூப்பிடுற மாதிரியில்ல பேசுறாரு! அந்தப் பொண்ணு வாயத் தொறக்க வழியில்ல. அவரு மட்டும் கொஞ்சம் எறங்கி வந்தா, இன்னைக்கே சரின்னுருவேன்.”

ஆம்புரோஸின் முகம் சுண்டிப்போனது. ஆலிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதத்தானே நானும் இத்தன வருசமா சொல்றேன்” என்று முணுமுணுத்தாள் கெர்ட்ரூட்.

மகளுக்குக் குறுக்கே நின்றது தன் வாய்தான் என்று அவருக்குப் புரிந்தது. காப்பித் தட்டைத் தானே ஏந்திக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

“நான் பேசுனது போதும். ஆலிஸ், நீ உக்காந்து பேசும்மா.”

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் வாய் திறக்கவில்லை. ஆலிஸ் பேசினாள், சிரித்தாள். “அடுத்த மாசமே கோயில்ல கல்யாண ஓல வாசிச்சிரலாம்” என்று சொல்லிவிட்டு நவமணி எழுந்தாள்.

காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்ததே என்று ஆம்புரோஸ் மாதாவைக் கும்பிட்டார்.

வாசல் வரை போன சவரிநாதன் திரும்பி வந்தான். சுரூபத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பட்டனைத் தட்டினான். பூக்களுக்குள் எரிந்துகொண்டிருந்த சிவப்பு லைட் அணைந்தது.

“எங்க பேக்டரியில செய்யுறது இந்தப் பெட்டிதான் மாமா” என்றான் மெதுவாக. “எல்லாத்தையும் ‘ஏ’யில வச்சுத்தான் அனுப்புவோம், அக்கம்பக்கத்துக்கும் கேட்டுரும். அதான், நீங்க ‘பி’க்கு மாத்திட்டீங்களான்னு பாத்துட்டு அப்புறமாப் பேச ஆரம்பிச்சேன்.”