பதினெட்டு குரோமோசோம்

ஆய்வுக்கூடத்து மேசையில் ஊட்டி கேரட் மினுமினுத்துக் கிடந்தது. பக்கத்தில் கொத்தமல்லி. அதற்கப்பால், வேலியோரம் பிடுங்கிவந்த வெள்ளை வேர்க் களைச்செடி.

"கொசுறாக வந்த கொத்தமல்லியோடும், இந்தக் களையோடும் என்னை ஒப்பிடுவதா? என் குரோமோசோம்களை எண்ணுங்கள், வம்சம் தெரியும்!" என்றது கேரட்.

நுண்ணோக்கி நிதானமாக எண்ணியது. "கொத்தமல்லிக்கு இருபத்திரண்டு. கேரட்டுக்குப் பதினெட்டு."

"பதினெட்டு! என்ன கச்சிதம் பாருங்கள்! வேறு யாருக்கு வாய்க்கும்?" கேரட் பூரித்துப்போனது.

"களைச்செடிக்கும் பதினெட்டு. அச்சு அசல் உங்களுடையதே. இது காட்டுக் கேரட், உங்கள் சொந்த வம்சம்."

"வா தம்பி!" என்று களைச்செடி ஆசையாக வேரை நீட்டியது.

கேரட் மெல்லக் கொத்தமல்லிப் பக்கம் உருண்டது.

"அக்கா, நாம் ரெண்டு பேரும் ஒரே பையில் வந்தவர்கள்தானே?"