ரிவர்ஸ் பல்

“பல்லு தேஞ்ச மாட்டை வையாதே கண்ணு, வையறதுன்னா...” என்று மாதவனின் அப்புச்சி, அம்மாவின் அப்பா, ஏதோ சொல்லுவார். யாரை வையச் சொன்னார் என்பது மட்டும் மாதவனுக்கு மறந்துபோயிற்று.

மறந்தால் என்ன, வைவதற்கு ஆள் கிடைத்துவிட்டான். டிரைவர் ஆரோக்கியராஜ்.

முஸ்தபாவின் ஒர்க்‌ஷாப்பில், பதினெட்டு வருடப் பழைய டீசல் பிக்கப்பின் கியர்பாக்ஸ் மூன்று நாளாகச் சாக்கின் மேல் பிரிந்து கிடந்தது. மாதவனின் பனியன் கம்பெனிக்கு இருக்கிற ஒரே வண்டி. துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது அதுதான்.

முஸ்தபா டீசலில் கழுவிய ஒரு பல்சக்கரத்தைத் தூக்கிக் காட்டினார்.

“போன வருசம் நாந்தானுங்க பூராவும் புதுசா மாத்துனேன். ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் அப்படியே இருக்குது. ரிவர்ஸ் மட்டும் பொக்கை வாயாட்டம் ஆயிருச்சு. முப்பது வருசத்துல ரிவர்ஸ் தேஞ்சு வந்த முதல் வண்டி இதானுங்க.”

“நான் சொல்லலீங்களா பாய்? இவன் சேர்ந்து ஒரு வருசம். பல்லு போக ஒரு வருசம்.” மாதவன் குரலைத் தாழ்த்தினார். “ஞாயித்துக்கிழமையானா சொந்த வேலைக்கு வண்டிய எடுத்துட்டுப் போறது. அப்புறம் ரிவர்ஸ்லயே ஓட்டி மீட்டரைக் குறைக்கறது. பழைய மீட்டரு, பின்னால போனா பின்னால சுத்துமாம்.”

“சொந்த ஊரு தூத்துக்குடிக்குப் போயிட்டு ரிவர்ஸ்லயே திரும்பி வந்தாருங்கறீங்களா?” முஸ்தபா சிரிக்காமல் கேட்டார்.

“எனக்கென்னங்க தெரியும்?”

ஆரோக்கியராஜ் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

“பாருங்க, வாயத் தொறக்கறானா? ஏம்ப்பா, நாளையிலிருந்து நீ வேண்டாம். என்ற மச்சான் பையன் தரணீதரன் லைசென்ஸ் எடுத்துட்டுச் சும்மாதான் இருக்கறான். வரச் சொல்லியாச்சு.”

“சரி மொதலாளி,” என்றான் ஆரோக்கியராஜ். “எம் பொண்டாட்டி ரோஸ்மேரிய மட்டும் நிப்பாட்டிராதிய. நம்ம பனியன் செக்கிங்ல நல்லாத்தான் வேலை பாக்கா. அவளுக்கும் வேலை போச்சுன்னா ஊருக்குத்தான் போவணும். புள்ள படிப்பு பாதியில நின்னுரும்.”

முஸ்தபா பல்சக்கரத்தைக் கீழே வைத்தார்.

“தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை நடை?”

“ஆறு நடைண்ணே.”

“நடைக்கு எவ்வளவு தூரம் ரிவர்ஸ்?”

“மெயின் ரோட்டுலேருந்து கம்பெனி வாசல் வரைக்கும். முன்னூறு மீட்டர் இருக்கும்.”

“சந்து முச்சூடுமா? ஏன், உள்ள வண்டி வளைக்க எடமில்லையா?”

“உள்ள லாரியே வளையும்ணே.”

“அப்புறம் எதுக்குப்பா?”

ஆரோக்கியராஜ் மாதவனைப் பார்த்தான். மாதவன் அவனைப் பார்த்தார்.

“நீங்கதான மொதலாளி சொன்னிய? நான் சேந்த அன்னைக்கு. வாஸ்துக்காரரு வந்துட்டுப் போயிருந்தாரு. நம்ம சந்துல வண்டி மூஞ்சி தெக்க பாக்கவே கூடாது, எமன் தெசைன்னு. ரோடு வடக்க இருக்கு, கம்பெனி தெக்க இருக்கு. அப்ப ரிவர்ஸ்லதான வரணும்?”

தினமும் காலையில் வண்டி வடக்குப் பார்த்து நிற்பதை மாதவன் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார். அது எப்படி வந்து நின்றது என்று யோசித்ததில்லை.

“மெயின் ரோட்டுல தெக்கால போனா?” என்று கேட்டார் முஸ்தபா.

“ரோட்டுக்கு அந்த வாஸ்து கெடையாதுன்னுட்டாவ.”

“அட, இதை மூணு நாளைக்கு முந்தியே சொல்றதுக்கென்னப்பா?”

“சொன்னா மொதலாளி நேராவே வான்னுருவாவ. நான் நேரா வந்த அன்னைக்கு ஒரு ஆர்டர் கேன்சலாச்சுன்னு வைங்க, தைக்கிற அறுவது பேரும் எம் மூஞ்சியத்தான பாப்பாவ? அதுக்கு நான் ஒருத்தன் போறது தேவலைல்லா.”

முஸ்தபா கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கைதான்.

மாதவன் போனை எடுத்து, தரணீதரன் வர வேண்டாம் என்று மச்சானிடம் சொன்னார். பிறகு முஸ்தபாவிடம், ரிவர்ஸ் பல் மட்டும் இரண்டு செட்டாக வாங்கி வைக்கச் சொன்னார்.