எல்லாருக்கும் வாசிப்பேன்

"என்னைப் படிக்கத் தெரியாதவன்னு நினைச்சீங்களா?"

வக்கீல் பிரென்ட் போட்ட சத்தத்தில், சனிக்கிழமைக் காலை வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது.

மதுக்கடைக்காரி வெர்லீன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "அப்படி யாரு சொன்னா வக்கீலய்யா? பீப்பாய் பீர் வாங்குறவங்க இந்த உறுதிமொழியில கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னால நான் வாசிப்பேன். அவ்வளவுதான்."

"வாங்குறவன் கையெழுத்துப் போடணும்னுதான் சட்டம். கடைக்காரம்மா உக்காந்து பாராயணம் பண்ணணும்னு எங்கேயும் இல்ல."

"பண்ணக் கூடாதுன்னும் இல்லையே."

வரிசையில் ஒருவர் சிரித்தார். "போன வாரம் பாதிரியாருக்கே வாசிச்சாங்க. பாவம், அவர் பிரசங்கமே இவ்வளவு நீளம் கிடையாது."

வெர்லீன் காதில் வாங்கவில்லை. "'ஒன்று. இருபத்தொரு வயது ஆகாத எவருக்கும் இந்தப் பீரைத் தரமாட்டேன்...'"

"நிறுத்துங்க! டி மொயின் நகரத்துல இருந்து விருந்தாளிங்க வந்து உக்காந்திருக்காங்க." பிரென்ட் குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமை நகரசபையில உங்க லைசென்ஸ் புதுப்பிக்கிற விஷயம் வருது. அங்க நானும் ஓட்டுப் போடற உறுப்பினர். ஞாபகம் இருக்கட்டும்."

சிரித்தவர் வரிசைக்குள் பின்வாங்கினார். இருபத்தாறு வருஷமாக வெர்லீனுக்குச் சோறு போடும் கடை.

"நல்லா ஞாபகம் இருக்கு," என்றாள் வெர்லீன். "'இரண்டு. பீப்பாயில் ஒட்டியுள்ள எண் ஸ்டிக்கரை, கடையில் திருப்பித் தரும்வரை அகற்ற மாட்டேன்...'"

"எனக்கு மட்டுமாவது விட்டுடக் கூடாதா?"

"வாசிச்சா எல்லாருக்கும் வாசிப்பேன். இல்லேன்னா கடையைச் சாத்திட்டுப் போறேன்."

பிரென்ட் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் பீப்பாயை உருட்டினார். "திங்கக்கிழமை பார்க்கலாம்."

"வாங்க. அங்கேயும் வாசிச்சுக் காட்டுறேன்!"

அடுத்து நின்றவர் பன்றிப்பண்ணை ஆர்லோ. சாயங்காலம் மகளுக்குக் கல்யாணம்.

"எனக்குமா?" அவரும் ஊரோடு சேர்ந்து சலித்துக்கொண்டார். "எத்தனை தரம்தான் இதையே கேக்கிறது? சட்டுபுட்டுனு முடி, வெர்லீன்."

போன கோடையில் இதே ஆர்லோ, ஸ்டிக்கரைச் சுரண்டியெடுத்து, பீப்பாயைப் பளபளவென்று கழுவிக்கொண்டுவந்து கொடுத்தார். உபகாரம் செய்ததாகத்தான் நினைத்தார். ஸ்டிக்கரை எடுத்தது குற்றம் என்று கோர்ட்டுக்கு இழுத்தார்கள்.

"படிச்சுப் பார்த்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். ஆர்லோ தொப்பியைக் கசக்கிக்கொண்டு, "படிச்சேன்" என்றார். அபராதம் விழுந்தது. சாட்சி சொல்ல வந்திருந்த வெர்லீன் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம்தான் கடையில் இந்த வாசிப்பு தொடங்கியது.

இப்போதும் வாசித்தாள். ஸ்டிக்கர் வந்த இடத்தை மட்டும் இரண்டு தரம். ஆர்லோ கொட்டாவி விட்டபடி, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டார்.

கையெழுத்து எங்கே என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. சரியாக அந்தக் கோட்டின்மேல் பேனாவை வைத்து, காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள் வெர்லீன்.

ஆர்லோ குனிந்து, இந்த உலகத்தில் தனக்குத் தெரிந்த, தன் பெயரின் அந்த நாலே நாலு ஆங்கில எழுத்தையும், படம் போடுவதுபோல் ஒவ்வொன்றாக வரைந்தார்.