மழைக்கு அடியில்

மொரீஸ் அந்தச் சின்ன ஸ்பீக்கரை மகளின் அறைக் கதவுப் பக்கமாக இன்னும் ஓர் அடி நகர்த்தினார். யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார். கூடத்தில் மழை பெய்ய ஆரம்பித்தது.

"பப்பா, நாலு நாளா நம்ம வீட்டுல மட்டும் மழை பெய்யுது," என்று உள்ளிருந்து எலோதி கத்தினாள். "வெளியில வெயில் மண்டையப் பொளக்குது."

"மனசுக்கு அமைதிம்மா. டாக்டரே சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டரு? யூடியூப் டாக்டரா?"

மொரீஸ் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார். எலோதி மறுபடியும் அறைக்குள் நடக்க ஆரம்பித்தாள். ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு.

பிரெஞ்சு தேசத்து லியோன் நகரத்து மருத்துவமனை ஒன்று அவளை நர்ஸ் வேலைக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. தாத்தா காலத்திலிருந்தே குடும்பத்துக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருப்பதால் விசாத் தொல்லை கிடையாது. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ இன்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு வரி அனுப்பினால் போதும். அந்த ஒரு வரிதான் ஒரு வாரமாக அவளைத் தூங்கவிடவில்லை.

போன வருஷம் மொரீஸுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அம்மாவும் இல்லாத வீடு. அவர் குளியலறையில் இரண்டு நிமிஷம் கூடுதலாக இருந்தாலே எலோதி போய்க் கதவைத் தட்டுவாள். இன்று காலையில்தான் ஒருவழியாக, 'வர இயலவில்லை, மன்னிக்கவும்' என்று மெயில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தாள்.

கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று மொட்டைமாடிக்குப் போனாள். கொடியில் அவளுடைய கம்பளிக் கோட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வெயிலில் தொங்கியது.

"மே மாசத்துல இதை எதுக்கு வெளியில எடுத்தீங்க பப்பா?"

"பூஞ்சை புடிச்சிருந்துச்சும்மா." படியிலேயே நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான் மாதா கோயில் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

போனைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். நாலு மணிக்கு அது அடித்தது. 'ஜவஹர் அலி ஸ்டுடியோ' என்று திரையில் வந்தது. பப்பாவுக்குப் பழக்கமான ரெக்கார்டிங் ஸ்டுடியோக்காரர். எலோதி எடுத்தாள்.

"மொரீஸ் அண்ணே, எப்படி இருக்கு? மழைக்கு அடியில உங்க பேச்சு நல்லா அமுங்கியிருக்கா? எதுவும் வெளியில கேக்கலயே?"

"என்ன பேச்சு?"

"யாரு... தங்கச்சியா?"

"எலோதிதான். என்ன பேச்சுண்ணே?"

"அது ஒண்ணுமில்ல தங்கச்சி. மழைச் சத்தத்துக்குள்ள பேசிப் பதிஞ்சா காதுக்குக் கேக்காதாம், உள்மனசுக்கு மட்டும் போகுமாம். எங்கேயோ வீடியோல பாத்துட்டு வந்து உசுர வாங்கிட்டாரு. நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் வேலைக்கு ஆவாது அண்ணேன்னு..."

"எனக்காகத்தானே பண்ணினாரு?"

"உங்க மேல இருக்குற பாசத்துல..."

எலோதி இணைப்பைத் துண்டித்தாள். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாள். மழை, வெறும் மழை. பிடுங்கிக் கட்டிலில் வீசினாள்.

நாலு நாள். அந்த நாலு நாளில் தான் செய்தது எல்லாவற்றையும் அவளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. முந்தாநாள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது யார்? லியோனில் குளிர் தாங்காது என்று நேற்றுத் திடீரெனத் தோன்றியதே, அது யாருடைய நினைப்பு? காலையில் எழுதிய அந்த மெயில்கூடத் தன்னுடையதுதானா?

பப்பா வாயைத் திறந்து "போகாதே" என்று கேட்டிருந்தால் இருந்திருப்பாள். பெற்ற மகளின் மண்டைக்குள் திருட்டுத்தனமாக நுழைவதா?

மணி நாலு நாற்பது. மெயிலைத் திறந்து காலையில் எழுதியதை ஓர் எழுத்துகூட விடாமல் அழித்தாள். 'வருகிறேன்' என்று பிரெஞ்சில் ஒரே வரி. கை தயங்குவதற்குள் அனுப்பிவிட்டாள்.

இது என்னுடையது, என்று சொல்லிக்கொண்டாள். இதை மட்டும் யாரும் என் காதில் ஓதவில்லை.

ஒரு வாரமாக அறைக்குள் நடந்துகொண்டிருந்தவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் அந்தப் பேச்சு என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசை அவளுக்கு வந்தது. ஜவஹர் அலியை அவளே அழைத்தாள்.

"சொல்லுங்கண்ணே. அப்படி என்னதான் பேசி வச்சாரு?"

"வேணாம் தங்கச்சி. அண்ணன் என்னைய உரிச்சிடுவாரு."

"இனிமே ஒண்ணும் மாறாது. நான் லியோன் போறேன், மெயில் போயிடுச்சு. சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன்."

ஜவஹர் அலி நீளமாக மூச்சு விட்டார். "அஞ்சு தடவ எடுத்தோம். நாலு தடவ அண்ணன் பாதியிலேயே எழுந்து வெளியில போயிட்டாரு. நேர்ல சொன்னா அவகிட்ட அழுதுடுவேன்டா, அதனாலதான் இப்படின்னாரு. பக்கத்துல இருந்த எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

பாவம், எப்படியெல்லாம் கெஞ்சியிருப்பார் என்று எலோதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன சொன்னாருண்ணே?"

"'பப்பாவப் பத்தி யோசிக்காத, நீ கெளம்பும்மா'ன்னு."