எட்டுத் துடுப்புகளின் நேரம்

செம்புப் பானையின் குழாய் நுனியில் முதல் துளி தோன்றியதும் எஃபி பாடத் தொடங்கினாள்.

கடலிலிருந்து எழுந்த மூடுபனி தொழுவத்தின் வாசல்வரை வந்து நின்றது.

அந்த வீட்டில் யாரும் கடிகாரம் பார்த்து விஸ்கி வடிப்பதில்லை. ஸ்காட்லாந்துத் தீவுக்காரர்களின் கேலிக் மொழிப் படகுப் பாட்டில் எட்டுத் துடுப்புகளுக்கு எட்டுச் சரணங்கள். ஒவ்வொரு துடுப்புக்கும் அந்த வீட்டு ஆண் ஒருவனின் பெயர். பாட்டு முடியும்வரை வடிவது நெடி மிகுந்தது. அதைக் கொட்டிவிட வேண்டும். முடிந்த கணத்தில் ஜாடியை மாற்ற வேண்டும். அதன்பின் வருவதே விஸ்கி.

பாடுபவள் எஃபி. ஜாடியை மாற்றுபவன் அவள் கணவன் லாக்லன். முப்பது ஆண்டுகளாக அப்படித்தான்.

இரண்டு ஆண்டுகளாக மட்டும் விஸ்கியில் ஒரு நெடி.

"குடிக்கவா அக்கா, நகத்துல பூசிக்கவா?" என்று பக்கத்துப் பண்ணை மர்டோ கேட்டதை எஃபி இன்னும் மன்னிக்கவில்லை.

லாக்லன் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கண்டுபிடித்தான். கீழ்வயல் பார்லியை விட்டு மேல்வயல் பார்லிக்கு மாறினார்கள். ஊற்றை மாற்றினார்கள். பானையை மணலிட்டுத் தேய்த்தார்கள். நெடி போகவில்லை.

அடுத்த மாதம் மகள் கிர்ஸ்டியின் திருமணம். மணமக்களின் முதல் கோப்பையில் பெண்வீட்டார் வடித்த ஒற்றை மால்ட் விஸ்கிதான் இருக்க வேண்டும். கடையில் வாங்கினால் தீவே சிரிக்கும். எஞ்சியிருந்த கடைசி மூட்டை மால்ட், முளைகட்டி உலர்த்திய பார்லி, ஊறிப் புளித்து இப்போது பானைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

எஃபி கண்களை மூடினாள். நீராவியும் சதுப்புக்கரிப் புகையும் அவளை மெல்லத் தூக்கிக்கொண்டன. தொழுவம் தரையை விட்டு நகர்ந்து அலையில் ஏறியது. முதல் துடுப்பை மாமனார் வலித்தார். ஐந்தாவதை லாக்லன் வலித்தான். ஏழாவதைக் கொழுந்தன். எட்டாவதை அவன் மகன்.

பாட்டு முடிந்தது.

ஜாடி மாறும் ஓசை கேட்கவில்லை.

கண்களைத் திறந்தாள். லாக்லன் ஜாடியின் மீது கைவைத்தபடி அமர்ந்திருந்தான். அவன் உடல் முன்னும் பின்னும் மெல்ல அசைந்தது. உதடுகளும் அசைந்தன, குரல் இல்லை.

சரியாக ஒரு சரணத்தின் நேரம்.

பிறகு ஜாடியை மாற்றினான்.

எஃபி புதிய துளியை விரலில் ஏந்தி முகர்ந்தாள். பழுத்த பேரிக்காயின் மணம்.

"நான்தான் சொன்னேனே, கோளாறு பார்லியிலதான். இது நல்ல மூட்டை," என்றான் லாக்லன், அவள் முகத்தைப் பாராமல்.

"ஆமா. பார்லிதான்."

ஆறாவது துடுப்பு அவர்கள் மகன் ஃபின்லேயுடையது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவன் படகு திரும்பாத நாளிலிருந்து அந்தச் சரணத்தை அவள் பாடியதில்லை.

ஏன் என்று லாக்லன் ஒருநாளும் கேட்டதில்லை.