வெறும் முதலாளி

“முதலாளி, உங்களைப் பார்க்க ஆள் வந்திருக்காங்க!” என்று அச்சகத்து பைண்டர் குரல் கொடுத்தார்.

சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்தேன். வந்தவள் வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். நகக்கண்ணில் கிரீஸ்.

“இந்த விசிட்டிங் கார்டை மாத்தி அடிச்சுத் தரணும் சார்.”

வாங்கிப் பார்த்தேன். அவள் பெயருக்குக் கீழே ‘முதலாளியம்மா’ என்று இருந்தது.

“மரியாதையாத்தானே இருக்கு?”

“போன் பண்றவங்க எல்லாம் ‘வீட்டுக்காரர்கிட்ட குடும்மா’ங்கறாங்க. முதலாளியோட சம்சாரம்னு நினைச்சுக்கறாங்க. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை!”

“அடடா.”

“போன வாரம் ஒரு ஹாஸ்டல்ல இருபது மெஷின் வேலை. ‘சார் வந்ததும் பேசறோம்’னுட்டாங்க. இல்லாத சாருக்கு நான் எங்கே போறது? வேலை கைவிட்டுப் போயிடுச்சு.”

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த தமிழறிஞர் விழித்துக்கொண்டார்.

“‘பெண் தொழிலதிபர்’னு போடலாம். இல்லேன்னா ‘முதலாளினி’. புத்தம் புதுச் சொல்!”

“உங்க கார்டுல ‘ஆண் முதலாளி’ன்னா போட்டிருக்கீங்க?”

அறிஞர் மறுபடி படுத்துக்கொண்டார்.

“வெறும் ‘முதலாளி’ன்னு போடுங்க சார்.”

“ஆம்பளைன்னு நினைச்சுக்கிட்டு வருவாங்களே?”

“வரட்டும். வந்து பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்.”

அந்த நேரம் பார்த்து, பேப்பர் லோடு கொண்டுவந்த டிரைவர் உள்ளே நுழைந்தார். “ஓனர் கையெழுத்து வேணும்.”

நான் பந்தாவாகப் பேனாவைத் திறந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், மெஷின் ரூமில் மை துடைத்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் ரசீதை நீட்டினார்.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். அசடு வழிந்தேன்.

“பிரஸ் அவளோடதுதாம்மா. லைசென்ஸ், மெஷின் எல்லாமே. நான் புரூஃப் பார்க்கறேன். முன்னே ஒரு பத்திரிகையில இருந்தேன், அதை மூடிட்டாங்க.”

“ஆனா இங்கே உங்களைத்தானே முதலாளிங்கறாங்க?”

“அதுவா...” மீசையைத் தடவிக்கொண்டேன். “நம்ம தோரணைக்குத் தானா வந்த மரியாதை. அஞ்சு வருஷமா யாரும் மாத்திக் கூப்பிட்டதில்லை.”

பைண்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அட போங்க முதலாளி! நீங்க வந்த முதல் நாளே அக்கா எங்களைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க: ‘வேலை போனதிலேர்ந்து மனுஷன் தலை நிமிர்ந்தே நடக்கலை. இனிமே அவரை முதலாளின்னே கூப்பிடுங்க’ன்னு!”