இருபது நிமிட சைக்கிள்

சிதம்பரத்தில் ஒரு பிசியோதெரபி அறை. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் கோடு கோடாய் விழுந்திருக்கிறது. பண்ருட்டிப் பலா வியாபாரி கொளஞ்சியப்பன், நகராத சைக்கிளை மூச்சு வாங்க மிதிக்கிறார். தட்டிப் பார்த்தே பழத்தின் பக்குவம் சொன்ன வலது கை, பக்கவாதம் வந்த நாளிலிருந்து மடியில் ஈரத்துணியாய்க் கிடக்கிறது. "கை வெளங்காதவன காலால மிதிக்கச் சொல்றியே, இது என்னா வைத்தியம்?" என்கிறார். "மிதிச்ச சூட்டோட பழக்குனா கை சீக்கிரம் கத்துக்கும்னு சொல்றாங்கய்யா" என்கிறாள் பிசியோதெரபிஸ்ட் கயல்விழி. பழத்தை அறுத்துக் காட்டாமல் விலை சொல்பவனைப் பார்ப்பது போல அவளைப் பார்க்கிறார். இருபது நிமிடம் முடிந்து மணி அடிக்கிறது. வேர்வையோடு மேசைக்கு வருகிறார். கயல்விழி அவர் வலது முழங்கையைத் தாங்கிக்கொள்ள, துளைப் பலகையில் மரக்குச்சிகளைச் செருகுகிறார். நேற்று இரண்டுதான் நின்றன, இன்று ஐந்து. கயல்விழி கையை எடுத்துவிட்டுச் சிரிக்கிறாள். மனைவி அஞ்சலாட்சி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையைக் கண்ணில் ஒற்றுகிறாள். சரிதான், ரெண்டு பேரும் கூட்டு என்று நினைத்துக்கொள்கிறார் அவர். "பலகைய மாத்திட்டீங்க. ஓட்டை பெருசாயிருக்கு. எங்கிட்டயேவா?" "அதே பலகதாங்கய்யா." அவர் விடுவதாயில்லை. குச்சிகளை இடது கையால் வழித்துத் தள்ளுகிறார். குனிந்து காதைப் பலகையருகே வைத்து, கண்ணை மூடி, விரலை மடக்கித் தட்டுகிறார். டொக். டொக். கயல்விழி அசையாமல் நிற்கிறாள். அஞ்சலாட்சி திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்கிறாள். "ம்... அதே பலகதான்" என்று வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொள்கிறார் கொளஞ்சியப்பன். கண்ணை இன்னும் திறக்கவில்லை. வலது கை தட்டிக்கொண்டேயிருக்கிறது.